இரண்டு நொடி

இரண்டு நொடியே அதிகம் என்றார் மேலாளர்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். டீயைக்கூட ஆறவிட மாட்டார். கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொண்டு ஊஃப் ஊஃப் என்று அறையைச் சுற்றி வருவார்.

கூட்ட அறையில் நாலு பேர். அவசரம், கணக்குப் பார்க்கிற தம்பி, கம்ப்யூட்டர் திரைகளை வடிவமைக்கிற அக்கா, நான். மேசைமேல் அவசரத்தின் லேப்டாப். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு வருகிற அழைப்புகளை மனிதர்கள் எடுக்க மாட்டார்கள். நாங்கள் செய்த இயந்திரம் எடுக்கும்.

இப்போது அந்த போனுக்கு இரண்டு நர்ஸுகள் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் வெறும் மூச்சுச் சத்தம் கேட்டாலும் வைக்க மாட்டார்கள். சொல்லுங்க, இருக்கேன், சொல்லுங்க என்றபடியே இருப்பார்கள்.

எங்கள் இயந்திரத்துக்குப் பெண் குரல், தேன் மாதிரி. என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்று அன்பாகத்தான் கேட்கும். பதில் வராமல் இரண்டு நொடி போனால், அழைத்தவர் பேசி முடித்துவிட்டார் என்று தானே முடிவுகட்டி, நன்றி சொல்லி வைத்துவிடும்.

வைத்துவிடும்! ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிட்டவரிடம் நன்றி சொல்லி வைத்துவிடும்.

காலையில் இதைச் சோதிக்க ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். ஐம்பது வயதுகூட இருக்காது. போன வருஷம் பக்கவாதம் வந்து பாதிப் பேச்சு போய்விட்டது. மீதியை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எடுப்பார். பக்கத்தில் மனைவி. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள்.

எங்கே வலிக்கிறது என்று இயந்திரம் கேட்டது. மனிதர் நெஞ்சில் கைவைத்தார். வாய் கோணியது. சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது.

அதற்குள் நன்றி, வணக்கம், டொக்.

மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் டொக்.

கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அடங்கிப்போன போனைப் பார்த்து, மன்னிச்சிடும்மா என்று மெல்ல மெல்லச் சொன்னார். தப்பு அவருடையதாம்.

அவர் மனைவி சும்மா இருக்கவில்லை. ஒரு மனுஷன் வாயைத் திறக்கிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டீர்களா, உங்கள் வீட்டில் யாருக்கும் நோயே வராதா என்று கண்ணாடியைத் தட்டிப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவசரம் சிரித்துக்கொண்டே எதையோ டைப் அடித்தார். எட்டிப் பார்த்தேன். ‘பயனர் பதிலளிக்கவில்லை’ என்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘மனிதரே மையம்’ என்று சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் தம்பி கணக்கு சொன்னான். இப்படிப் பேசத் திணறுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். ஓரத்து ஆட்களாம். அவர்களுக்காக ஐந்து நொடி பொறுத்தால், ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வாக்குக் கொடுத்த வேகம் கெட்டுவிடுமாம்.

பொறுப்பதற்கு இயந்திரத்துக்கு என்ன கேடு? அதற்குக் கால் கடுக்கிறதா, பசிக்கிறதா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருக்கிறதா?

அந்த இரண்டு நொடி எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். இந்த அலுவலகத்து ஆட்களைப் பேசவைத்துத்தான் அளந்தார்கள். அத்தனையும் பொரிந்து தள்ளுகிற வாய்கள். என்னை மட்டும் கூப்பிடவில்லை. உனக்கு எதுக்கும்மா சிரமம் என்று விட்டுவிட்டார்கள்.

ஐந்து நொடி வேண்டும் என்று நான் எழுதி அனுப்பாத வாரமில்லை. பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அத்தோடு சரி.

இன்று எழுதுவதாக இல்லை, நேரிலேயே சொல்லிவிடுவது என்று வந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் தனியாக நின்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

“யாருக்காவது மறுப்பு இருக்கா? இல்லைன்னா முடிச்சிடலாம்.”

அவசரம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன்.

தம்பி குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். நல்ல பிள்ளை, நான் கூசிப்போகக் கூடாது என்றுதான். அக்கா என் முழங்கையைத் தொட்டு, அவளுக்கும் சரிதான் சார் என்று எனக்காகச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள்தான் எனக்காகச் சொல்லி முடிக்கிறாள். தங்கமான மனசு. அந்தத் தங்கத்தால் எவர் உயிர் போகப்போகிறதோ.

அவசரம் ‘ஒருமனதாக’ என்று தட்டிவிட்டு, பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

நான் லேப்டாப்பை அப்படியே இழுத்து, மூடி, மார்போடு அணைத்துக்கொண்டேன்.

என்னம்மா இது என்று அவசரம் எழுந்தார். அக்கா மறுபடியும் எனக்காக வாயெடுத்தாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். என் முகம் கோணியிருக்கும், கண் சொருகியிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். சின்ன வயதிலிருந்து நான் கண்ணாடியில் பார்த்த முகம்தான். இவர்களும் பார்க்கட்டும்.

இரண்டு நொடி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. யாரும் அசையவில்லை.

“நா... நா... நான் இன்னும் பே... பேசி மு... முடிக்கல.”