வியாழக்கிழமை விசிட்டர்

“நான் வரல நைனா. நீ போ.”

துர்காதேவி கையைக் கட்டிக்கொண்டு விடுதி வராந்தாவில் நின்றாள். பெற்றவள் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று அப்பன் முனிசாமி தலையில் அடித்துக்கொள்கிறார். மகள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. போதாக்குறைக்கு, எண்ணெய் வழியப் பின்னிய ரெட்டை ஜடையில் புதுக் கனகாம்பரம் வேறு.

திருக்கழுக்குன்றத்திலிருந்து வாடகை வேன் ஓட்டிவந்த ராஜேந்திரனுக்கே பொறுக்கவில்லை.

“இன்னா பொண்ணும்மா நீ. ஆத்தா சாகக் கெடக்குது, பூ வெச்சிகினு நிக்கிற,” என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

தொண்ணூற்றெட்டு மார்ச் மாதம், வியாழக்கிழமை காலை பத்து மணி. அந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பெற்றவர்களை உள்ளே விடுவார்கள். ஆஸ்பத்திரி என்று சொன்னதால்தான் இன்றைக்கு முனிசாமிக்குக் கேட் திறந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன், மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் இருக்கும் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்க வந்தபோது, இதே பெண் இதே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். முதல் வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமையானால் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நினைப்பில்தான் முனிசாமி வந்தார். ‘அம்மாவுக்கு’ என்று வாயெடுத்ததுமே வேனில் ஏறிவிடுவாள் என்று இருந்தார்.

“பத்தாவது பரீட்சைக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் கீது. இப்ப கெளம்பினா நான் திரும்பி வரமாட்டேன். அது உனக்கே தெரியும்,” என்றாள் துர்காதேவி.

“பரீட்சையா முக்கியம்? மூச்சு பேச்சு இல்லாம கெடக்குறா. உன் பேரையே சொல்லிகினு கீறா.”

மூச்சுப் பேச்சில்லாதவள் எப்படிப் பேர் சொன்னாள் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அழுகிற ஆண்பிள்ளையிடம் யார் போய்க் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

“அக்காவையும் இப்பிடித்தானே கூட்டிகினு போன? அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு சொன்ன. மறுவாரம் அவ கழுத்துல தாலி. அவளோட ஒம்பதாவது புக்கு இன்னும் அட்டை போட்டபடியே வூட்ல கீது.”

ராஜேந்திரன் திரும்பி முனிசாமியைப் பார்த்தான். முனிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமாம்மா, அப்ப சொன்னது பொய்தான். ஒத்துக்கிறேன். ஒரு வாட்டி பொய் சொன்னவன் ஒவ்வொரு வாட்டியும் பொய்யா சொல்வான்? மாரியாத்தா சத்தியமா சொல்றேன் கண்ணு, இது நெசம். நாளைக்கு அவ மூஞ்சிய பாக்க முடியாம போனா ஆயுசுக்கும் அழுவ.”

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கல்லும் கரைந்திருக்கும். துர்காதேவி கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“அஞ்சு வருசம் ஹாஸ்டல் சோறு துன்னா பொண்ணுங்க இப்பிடியா ஆயிடும்?” என்று ராஜேந்திரன் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

“ஆவும்ணா. நாலரைக்கு நானே எழுந்துக்கிறேன். என் துணிய நானே தொவச்சிக்கிறேன். வேணான்னா வேணான்னு சொல்லவும் கத்துக்கினேன்.”

வராந்தா மேஜையில் உட்கார்ந்திருந்த வார்டன் சாராள், தடித்த நோட்டை இழுத்துப் பிரித்தார். எந்தப் பிள்ளை வெளியே போனாலும், கூட்டிப்போகிறவர் காரணம் சொல்லி அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அது அந்த விடுதியின் சட்டம்.

“பொண்ணு வர்றது வராதது அப்புறம். நீங்க சொல்லுங்க, எழுதிக்கறேன். அவங்க அம்மா பேரு?”

“முனியம்மா.”

“எப்ப சேர்த்தீங்க?”

“நேத்து சாயங்காலம் டீச்சரம்மா. நானேதான் தூக்கிகினு போயி சேத்தேன். பக்கத்த வுட்டு நகரல. இப்பதான் வேன் புடிச்சிகினு வந்தேன்.”

“எந்த வார்டு?”

“பொம்பளைங்க வார்டு. மாடில.”

வார்டன் அவசரமே இல்லாமல் எழுதினார். எழுதியதை ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, “சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“ரொம்ப சரி.”

முனிசாமி பேனாவை வாங்கிக் கை நடுங்காமல் கையெழுத்துப் போட்டார். அழுகை எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

“பைய எடுத்துக்கோ துர்கா. டீச்சரம்மாவே எழுதிட்டாங்க, இன்னும் இன்னா?”

துர்காதேவி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வார்டன் நோட்டை மூடவுமில்லை. பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் அறை வாசலில் தொங்கிய திரையைத் திரும்பிப் பார்த்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பிடியே, நான் எந்தக் கட்டில்ல படுத்துகினு கீறேன்னும் கேட்டு எழுதிக்கோங்க டீச்சரம்மா.”