நாற்காலியும் நான்கு தோள்களும்

மட்டாஞ்சேரி மிளகுக் கடைத்தெருவில் மண்டிக்காரர் கணபதிராமர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சரக்கு இறக்கப்படாத லாரிகள் தெருவை அடைத்து நின்றமையால் டாக்ஸி உள்ளே வர இயலவில்லை. மகன் வெங்கிட்டு அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்க முற்பட்டான்.

"தொடாதே! இந்தத் தெருவிலே சுமை தூக்குறது எங்க யூனியனாக்கும்!" என்று தடுத்தார், சுமைத் தொழிலாளி ஒச்சப்பன்.

"அப்பாவுக்கு உசிர் போறது, சேட்டா!"

"அதான் சொல்றேன். நீ தூக்கினா கீழே போட்டுருவே. தள்ளு!"

தொழிலாளர் நால்வர் நாற்காலியைத் தோளேற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினர். கணபதிராமர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒச்சப்பன் அங்கு வந்து, "முதலாளி எப்போ கடைக்கு வருவாரு, சிஸ்டர்?" என்று கவலையுடன் வினவினார்.

"முதலாளி மேலே இத்தனை சினேகமா, சேட்டா?" என்று நெகிழ்ந்தார் நர்ஸ்.

"சினேகமா? அவரை எதிர்த்துத்தான் நாங்க ஸ்ட்ரைக் பண்றோம், சிஸ்டர். ஆளில்லாத கடை முன்னாடி யாரைப் பார்த்துக் கோஷம் போடுறது?"