கூப்பன் வேண்டாம்

தள்ளுபடிக் கூப்பனைப் பிய்த்துச் சட்டைப் பையில் ஒளித்துவிட்டுத்தான் கிழவர் மருந்துக்கடைக்குள் ஏறினார்.

டாக்டர் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தது. சீட்டில் இப்போது இரண்டு ஓட்டை மட்டும்.

கவுண்டரில் ரெஜிலா சீட்டை வாசித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"யாருக்கு பாட்டா?"

"சீட்டுல இருக்கதை எடு."

அவள் உள்ளே போனாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மகள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இருந்து.

பத்து மணி விமானம் பன்னிரண்டுக்குத்தான் கிளம்புமாம். சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம்.

பத்து அடித்து, அதற்கு மேலும் கால் மணி பொறுத்துத்தான் அவர் பஸ் ஏறியது. விமானம் சொன்ன நேரத்துக்குப் போகும் என்று நம்பியது தப்பு.

மஸ்கட்டில் நர்ஸ் வேலை. மூன்று வருஷமாகப் பரீட்சை எழுதி, ஏஜென்ட் வாசலில் காத்துக் கிடந்து வாங்கியது. முன்னால் ஒன்று வந்தது. அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அந்த விசா அதோடு போயிற்று. அம்மாவும் போனாள்.

மாத்திரையின் பேரைப் பார்த்தால் போதும், மகளுக்கு அவர் நோய் தெரிந்துவிடும். நாலு வருஷம் புற்றுநோய் வார்டில்தான் நின்றாள்.

கடையின் தள்ளுபடி கார்டில் இருப்பது அவள் நம்பர். அவரிடம் போன் இல்லாத காலத்தில் கொடுத்தது. தள்ளுபடி போட்டால் பில் அவளுக்குப் போகும். மருந்துப் பேரோடு. "பிரஷர் மாத்திரை பத்து நாளுக்குத்தானே வாங்கியிருக்கீங்க?" என்று போனிலேயே அதட்டுவாள்.

எவனாவது சும்மா குறைத்துக் கொடுப்பானா? ஒரு கையால் கொடுத்தால் மறு கையால் ஒன்றை எடுப்பான்.

ரெஜிலா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கூப்பன் எங்க பாட்டா?"

"வேண்டாம். முழு விலை போடு."

அவள் சிரித்தாள். "யாரு, நீங்களா? போன மாசம் ரெண்டு ரூபாய்க்குக் கடையை ரெண்டாக்கினீங்களே!"

"வேண்டாம்னா வேண்டாம். நம்பரும் போடாதே."

"பாதிக்குப் பாதி குறையும் பாட்டா."

அவர் துண்டில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

அவள் அந்தக் கசங்கிய நோட்டுகளைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. முதுகு காட்டும் எதையும் அவர் நம்பியதில்லை.

இழுப்பறை திறக்கும் சத்தம்.

கூப்பன் கொண்டு வராத ஆட்களுக்கென்று அதற்குள் ஒரு கட்டு கிடக்கும். பழகிய முகமென்றால் ஒன்றை எடுத்து அடித்துக் கொடுப்பார்கள். அவரே எத்தனையோ தடவை சண்டை போட்டு வாங்கியது.

"வேண்டாம் மக்களே..." என்று அவளைத் தடுக்கக் கை நீட்டினார்.

டிக்.

ரெஜிலா பாதிப் பணத்தை அவர் பக்கம் தள்ளினாள். குரலை இறக்கினாள்.

"வச்சுக்கிடுங்க பாட்டா. இதுக்கு இன்னும் எத்தனை மாசம் வரணுமோ."

"எந்த நம்பர் போட்டே?"

"உங்க கார்டு நம்பர்தான். அது இல்லாம கூப்பன் ஏறாது. மெசேஜ் போயிருக்கும்."

சுவரில் மணி பதினொன்று இருபது.

அவர் பணத்தைத் தொடவில்லை. மாத்திரையையும் தொடவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கூப்பனும் சேர்ந்து அதிர்ந்தது.

எடுத்துக் காதில் வைத்தார்.

மகளின் மூச்சு மட்டும். அதற்குப் பின்னால் ஒரு பெண் ஒலிபெருக்கியில் மஸ்கட், மஸ்கட் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுதாவ பாரு," என்றார். "வரிசையில போய் நில்லு."



பெட்டியின் சக்கரம் உருளத் தொடங்கியது. விமானத்துக்கா, வீட்டுக்கா என்று காதுக்குத் தெரியவில்லை.