வியாழக்கிழமை ஓவர்டைம்

"தப்பா நினைக்காத நர்மதா. உன் வீட்டுக்காரரு வியாழக்கிழமை ஓவர்டைம் எல்லாம் போகல. கோயில் மண்டபத்துல அந்த லோஷினிகூட உக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு. இப்பகூடப் பாத்துட்டுத்தான் வரேன்."

சிம்பாங் ரெங்கம் பாசாரில் வாங்கிய மீனை மேசையில் வைத்துவிட்டு, கீழ்வீட்டு ராஜம்மா இறங்கிப் போய்விட்டாள். நர்மதா படுக்கையை விட்டு எழுந்தாள்.

லோஷினியை அவளுக்குத் தெரியும். கிளினிக்கும் கோயில் கமிட்டியும் சேர்ந்து இந்த ஃப்ளாட்டுக்காரர்களுக்கு ஏதோ நடத்துகிறார்களே, அதில் ஓடியாடி வேலை செய்கிறவள். ஒருநாள் இங்கேயும் வந்து, "நல்லா தூங்குறீங்களாக்கா?" என்று கேட்டாள். நர்மதா பட்டென்று கதவைச் சாத்திவிட்டாள். அந்த ஆத்திரத்தில்தான் புருஷனை வளைத்துப் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

மூர்த்தியும் லேசுப்பட்ட ஆளா? வீட்டில் வாயில் கொழுக்கட்டை. திறந்தால், "இன்னும் படுத்துத்தான் இருக்கியா?" என்ற எரிச்சல். இந்த மனுஷனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவனையும் ஒருத்தி கொத்திக்கொண்டு போவதை எப்படிப் பொறுப்பது?

கலைந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, தீபாவளிக்குப் பிறகு முதன்முறையாகப் படியிறங்கினாள். கோபம்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

மண்டபத்து ஜன்னலோரம் நின்றாள். உள்ளே இரண்டு நாற்காலிகள், எதிரெதிராக.

"சாப்டியாம்மா?" என்றான் மூர்த்தி. அப்படியொரு இதமான குரல் அவனிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"பசிக்கல," என்றாள் லோஷினி, தலை நிமிராமல்.

"பரவால்ல. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன். தோணுனா பேசு."

"எல்லாரும் என்னைச் சோம்பேறிங்கறாங்க."

"நீ சோம்பேறி இல்ல. உனக்கு முடியல. நான்தான் அது புரியாம கத்திட்டேன்."

நர்மதாவுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சில் கால்வாசியைத் தன்னிடம் பேசியிருந்தால் அவள் மீனாவது வறுத்துப் போட்டிருப்பாளே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"கட்டுனவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இவளுக்கு மட்டும் இவ்ளோ பேச்சா?"

மூர்த்தி பதறி எழுந்தான். லோஷினியோ பதறவில்லை. தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை நர்மதா பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்கக்கா. மனசு சோர்ந்து கிடக்கறவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு இங்க வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறோம். அண்ணனுக்கு உங்க முன்னாடி வாயே வரமாட்டேங்குதாம். அதான் வாராவாரம் நான் நர்மதாவா நடிக்கிறேன்."