மகிழினியின் பாலம்

பிரசவ வார்டில் எல்லோரும் சுவர்த்திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாடு எதற்காக வாங்கிய கடனில் எந்தக் குழந்தைக்குப் பங்கு என்பது அதில்தான் வரும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு நீர்மூழ்கிக் கப்பல் விழுந்தது. பாவம், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? என் மகளுக்கு ஆற்றுப் பாலம்!

"பாலம்டி! கண்ணால பாக்கலாம், கையால தொடலாம்!" என்று என் அண்ணன் தவசீலன் வார்டே அதிரக் கத்தினான். நர்ஸ் அதட்டியும் அடங்கவில்லை. அறுபது வயது வரை என் மகள் கட்டவேண்டிய கடன் அது என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை.

காதுகுத்தை அந்தப் பாலத்திலேயே வைத்துக்கொண்டோம். வேன் பிடித்து, சர்க்கரைப் பொங்கலோடு கிளம்பினோம். மகிழினி புதுப் பாவாடையில் தாய்மாமன் மடியில் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். "இது எங்க வீட்டுப் பாலம்" என்று அண்ணன் டிரைவரிடம்கூடப் பெருமையடித்தான்.

சுங்கச்சாவடி பளபளவென்று இருந்தது. பாலம்தான் நடு ஆற்றோடு நின்றுபோயிருந்தது.

"என்னங்க இது, பாதிதானே இருக்கு?" என்று அண்ணன் காவலாளியிடம் கேட்டான்.

"பாதிப் பாலத்துக்குத்தான் சார் இதுவரைக்கும் புள்ளைங்க பொறந்திருக்கு" என்றார் அவர், பொங்கலை வாங்கிக்கொண்டே. "இன்னும் பொறக்கப் பொறக்க மீதியக் கட்டுவாங்க."

சொல்லிவிட்டு, ஏழு மாத வயிற்றோடு நின்ற அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். அண்ணி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.