மேனேஜரின் மூலை

"புதுசை உள்ளே விடறதுக்கு முன்னாடி, பழசுக்கு..."

பழசுக்கு என்ன? வண்ணமீன் கடைப் பெரியவர் அன்றைக்குச் சொன்னதில் பாதிதான் மீன் வாங்கி வந்தவருக்கு ஞாபகம் இருந்தது. மீதியைச் சொன்னபோது, தண்ணீர்ப் பையில் ரப்பர் பேண்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

இப்போது தொட்டிக்குள் ஒரே அமர்க்களம். பல வருஷமாகத் தனிக்காட்டு ராஜாவாக இருந்த நீல கௌராமி, புதிதாக வந்த புள்ளி மீனை விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர்.

"ஒத்துப்போற மீனாப் பார்த்து வாங்கினேன்னீங்க?" என்றாள் மனைவி.

"பார்த்துத்தான் வாங்கினேன். அளவு கேட்டேன், சுபாவம் கேட்டேன், என்ன தின்னும்னு கேட்டேன்..."

"நம்ம பையனுக்குப் பொண்ணு பார்த்தப்போகூட இவ்வளவு கேக்கலை நீங்க."

சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "அத்தை, உப்பு எங்கே?"

"இருக்கற இடத்திலதான் இருக்கு!"

டப்பாக்கள் உருளும் சத்தம். "இதுல சர்க்கரை இருக்கு அத்தை."

"வந்து இத்தனை மாசம் ஆச்சு, இன்னும் உப்பு எங்கேன்னு தெரியலை. நகரும்மா, நானே பார்த்துக்கறேன்."

மனைவி உள்ளே போனாள். மருமகள் வெளியே வந்தாள். தொட்டிக்கு எதிரே, ஜன்னலோரமாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து மீன்களைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஸாரி மாமா," என்று சட்டென எழுந்துகொண்டாள்.

அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகன் வந்து பக்கத்தில் நின்றான். "அப்பா, நாங்க தனியாப் போக ஒரு வீடு பார்த்திருக்கேன். ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும். அவ வாய் தொறந்து ஒண்ணும் சொல்லலை, எனக்குத்தான் பார்க்கச் சகிக்கலை. அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

ஏன் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. ஏன் என்று தெரியாதா என்ன?

மீன்களாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று கடைக்குப் போன் போட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே சார்! கல்லு, செடி, பானை எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிட்டுத்தான் புதுசை விடணும். பழசுக்கு அந்த மூலை தன்னோடதுன்னு நெனப்பு. மூலையே இல்லேன்னா எதுக்குச் சண்டை? ரெண்டுக்கும் புது வீடு. சேர்ந்து சுத்திப் பார்க்கும், அதுக்குள்ளே பழகிடும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். சாயங்காலம் பார்த்தால், மேனேஜர் பேந்தப் பேந்த விழித்தபடி, புள்ளி மீனுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சமையலறையில் ஓர் அலறல்.

"யாரு பண்ணின வேலை இது? உப்பைக் காணோம், டீத்தூளைக் காணோம், கரண்டி இருந்த இடத்தில தட்டு உக்காந்திருக்கு!"

"நான் தொடவே இல்லை அத்தை!"

"நீ ஏம்மா தொடப்போறே? இது யார் கைன்னு எனக்குத் தெரியாதா? ஏங்க!"

அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "சும்மா... கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்னு."

"இதுவா ஒழுங்கு? நல்லா இருந்ததைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கீங்க!"

"அத்தை, டீத்தூள் கெடைச்சிடுச்சு. அரிசிக்குப் பின்னாடி!"

"உப்பு?"

"தெரியலையே."

"எனக்கும்தான் தெரியலை. நீ மேலே பாரு, நான் கீழே பார்க்கறேன்."

"மாமா, ஒரு க்ளூவாவது குடுங்க!"

"அவரைப் போய்க் கேக்கறியே, வெச்ச மனுஷனுக்கே ஞாபகம் இருக்காது."

இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. உப்பு கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பவுடருக்குப் பக்கத்தில் அகப்பட்டது.

"இதை எங்கே வைக்கலாம்? உனக்குக் கை எட்டற இடமாச் சொல்லு," என்று மனைவி கேட்டதும் அவர் காதில் விழுந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். "அந்த வீடு வேண்டாம்னு சொல்லிட்டேம்ப்பா. அவதான் சொல்லச் சொன்னா."

அவன் போனதும் மனைவி காபியோடு வந்தாள். தொட்டியை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, உள்ளே கல்லெல்லாம் இடம் மாறியிருக்கு?"

"ம்."

"என் உப்பு டப்பா மாதிரியே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவைத்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சமையல்கட்டுல நான்தான் மேனேஜர், ஒத்துக்கறேன். யாராவது வந்து உக்காந்தா தொண்டையைச் செருமற மீனுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

அவர் காபியைக் கீழே வைத்தார். எழுந்து, ஜன்னலோர நாற்காலியைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு, அங்கே கிடந்த நீளப் பெஞ்சை இழுத்து வந்து தொட்டிக்கு எதிரே போட்டார்.