மடக்கி விரிக்கும் ஸ்கூட்டர்

பழைய வண்டிகளின் கண்காட்சிக்குப் பால் கேனோடு வந்த மொபெட் அசந்துபோய் நின்றது. எதிரே, சூட்கேஸ் அளவில் ஒரு ஜப்பான் ஸ்கூட்டர். அதன் சொந்தக்காரர் ஹேண்டிலை மடக்கி, சீட்டை உள்ளே அமுக்கினார். ஸ்கூட்டர் பெட்டியாகிவிட்டது! கூட்டம் விசிலடித்து, “இன்னொரு தடவை!” என்று கத்தியது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் மொபெட் மெல்லக் கேட்டது: “அண்ணே, ரோட்டுல எவ்வளவு வேகம் போவீங்க?”

“யாருக்குத் தெரியும் தம்பி? ஓட்டினா கீறல் விழுமாம். வாங்கினதுலேர்ந்து மடக்குறாங்க, விரிக்கிறாங்க, கைதட்டுறாங்க.”

சொல்லிவிட்டு ஸ்கூட்டர், மொபெட்டின் சக்கரத்தையே ஹெட்லைட் விரியப் பார்த்தது.

“உன் டயர்ல ஒட்டியிருக்கே, அது என்னப்பா?”

“சேறுண்ணே.”

“அடேயப்பா! கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டுமா?”